மழைக்கு முன்னே மண்ணுக்குள் நெல்

ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி விவசாயி நெல் விதைக்க மழைக்குக் காத்திருப்பதில்லை. ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும்போது, காலடி வைத்தால் புழுதி கிளம்பும் நிலத்தில் காய்ந்த விதையைத் தூவி, மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டி மூடிவிடுகிறார். இதுதான் புழுதி விதைப்பு. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அந்த விதை மண்ணுக்குள் கிடக்கிறது.

இதில் ஆழமான கணக்கு இருக்கிறது. இங்கே ஆண்டு மழை சுமார் 820 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மழை வந்த பிறகு நாற்றங்கால் போட்டு, நாற்றுப் பறித்து, நடவு நட்டால் மூன்று, நான்கு வாரம் போய்விடும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வானம் வெளுத்துவிடும். புழுதியில் விதைத்த நெல்லோ முதல் மழையிலேயே முளைத்து, கண்மாயில் தண்ணீர் சேரும் வரை மானாவாரிப் பயிராகவே வளரும். கண்மாய் நிறைந்து மடை திறந்ததும் அதே வயல் நன்செய் ஆகிவிடும். ஒரே பயிர், ஒரே பருவத்தில், இரண்டு விதமான வேளாண்மை!

இந்தக் கணக்கைத்தான் மாறிவரும் பருவநிலை கலைக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இன்னொரு பக்கம், 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. மறு ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் விதைப் பையை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

புழுதி விதைப்புக்குப் பெரிய எதிரி, பெய்யாத மழையைவிட, ஏமாற்றிப் போகும் மழை. நெல் விதை தன் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் ஈரம் இழுத்தால் முளைக்கத் தொடங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் ஒரு நல்ல தூறல் விழுகிறது. விதை கண் திறக்கிறது. பிறகு இரண்டு வாரம் சொட்டு மழை கிடையாது. முளைவேர் வெளியே வந்துவிட்ட விதையால் மறுபடி உறங்க முடியாது. அது காய்ந்தால் காய்ந்ததுதான்.

இதற்கு விவசாயி கையிலேயே ஓர் எளிய மருந்து இருக்கிறது. விதைக் கடினப்படுத்துதல் என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு உரத்தைக் கரைத்து, ஒரு கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு வடித்து, நிழலில் பரப்பி, பழைய எடைக்கு வரும் வரை உலர்த்த வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது. ஊறும்போது விதைக்குள் நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். முளைவேர் எட்டிப் பார்ப்பதற்குள் உலர்த்திவிடுவதால் வேலை பாதியில் நிற்கும். முடிந்த பாதி வீணாவதில்லை. அடுத்த முறை ஈரம் பட்டதும் விதை விட்ட இடத்திலிருந்து தொடரும். சேர்ந்தாற்போல் முளைத்து, வேரைச் சீக்கிரம் கீழே இறக்கும். மேல்மண் காய்வதற்குள் வேர் ஈரத்தைப் பிடித்துவிட்டால் பயிர் பிழைத்தது. அண்டாவும் சாக்கும் இருந்தால் போதும். இவ்வளவு மலிவான உத்தி ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

ரகத் தேர்விலும் இதே எச்சரிக்கை வேண்டும். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009இல் தந்த அண்ணா (ஆர்) 4, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மழை தை மாதத்தில் கைவிட்டாலும் அதற்குள் கதிர் முற்றியிருக்கும். நொருங்கன், சித்திரைக்கார் போன்ற நாட்டு ரகங்கள் மகசூலில் பின்தங்கினாலும் காய்ச்சலைத் தாங்குபவை. எனக்குத் தெரிந்த கெட்டிக்கார விவசாயிகள் ஒரே ரகத்தை நம்பி முழு நிலத்தையும் ஒப்படைப்பதில்லை. பள்ளமான வயலில் நெல், மேட்டுப் பாங்கான துண்டில் முண்டு மிளகாய். தண்ணீர் தேங்கினால் மிளகாய் அழுகும், நெல் நிற்கும். மழை குறைந்தால் நெல் கருகும், மிளகாய் கைகொடுக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த முண்டு மிளகாய் பல குடும்பங்களுக்குக் காப்பீட்டை விட நிச்சயமான காப்பீடு.

காவிரி டெல்டாவில் சிக்கல் நேர்மாறானது. அங்கே பயிர் மூழ்குகிறது. மூழ்கிய நெல் மூச்சுக்காக வெறிகொண்டு உயரும். இருக்கும் சர்க்கரையை எல்லாம் அதிலேயே செலவழித்து, வெள்ளம் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றில் இந்த வளர்ச்சியை அடக்கி வைக்கும் சப்1ஏ என்ற மரபணு இருப்பதை 2006இல் கண்டறிந்தார்கள். அதைப் பெற்ற பயிர் தண்ணீருக்கடியில் அசையாமல் இருந்து, சேமிப்பைக் காத்து, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். டெல்டாவில் புழங்கும் சி.ஆர். 1009 சப் 1 அந்த வழி வந்தது. ஆனால் பூக்கும் தருணத்தில் மூழ்கினால் எந்த மரபணுவும் காப்பாற்றாது.

விவசாயி தன் பங்கை இவ்வளவு செய்கிறார். அப்படியும் அவர் சிக்கல்கள் தீர்வதில்லை. புழுதி விதைப்பில் களை பயிரோடு சேர்ந்தே முளைக்கும். களையெடுப்புக் கூலி விதைச் செலவை மிஞ்சும். குத்தகைக்குப் பயிரிடுபவர் பெயர் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏறாவிட்டால் காப்பீடும் நிவாரணமும் நிலத்துக்காரரைத்தான் தேடிப் போகும். முதல் விதைப்பு கருகியவர் மறு விதைப்புக்கு அலைவதுதான் இவை எல்லாவற்றையும் விடக் கொடுமை. அப்போது கையில் இருக்கும் அவகாசம் பத்து நாள். அந்தப் பத்து நாளில் குறுகிய கால ரக விதை பக்கத்து ஊரில் கிடைக்காவிட்டால் அந்த வருடம் வயல் தரிசுதான்.

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசி பிறக்கும் முன்பே, மானாவாரி நெல் விளையும் ஒவ்வொரு வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையத்திலும் மறு விதைப்புக்கென்று தனியாக விதை இருப்பு வையுங்கள். குத்தகைதாரர் பெயரையும் அடங்கலில் ஏற்றுங்கள்.