பழைய மழைமானியைத் திருத்துதல்

பொரளையை அடுத்த பௌத்தாலோக மாவத்தையில் 1907ஆம் ஆண்டு முதல் கொழும்பு அவதான நிலையம் இயங்கி வருகின்றது. வளிமண்டலவியல் திணைக்களம் 1948இல் தனித் திணைக்களமாயிற்று. அங்கே காலை 8.30 மணிக்கு மழை அளக்கப்படும். ஆயினும் பொரளையிற் பெய்யும் மழை தம் வயலிற் பெய்யும் மழையன்று என்பதைக் கமக்காரர் நன்கறிவர். அதனாலேயே சிலர் தம் வளவில் மானி வைத்துள்ளனர். பல்லாண்டு வெயிலும் மழையும் பட்ட மானி பெரும்பாலும் குறைத்தே காட்டும். அதனை நம்பி, ஈரமாய்க் கிடக்கும் மிளகாய்ப் பாத்திக்கு மேலும் நீர் இறைப்பின், எண்ணெய்ச் செலவு ஒருபுறம், வேரழுகல் மறுபுறம்.

முதலிற் புனலின் விளிம்பைப் பாருங்கள். அது நெளிந்து வட்டம் குலைந்திருந்தால் அளவு பிழைக்கும். ஐந்தங்குலப் புனலாயின் 127 கன சென்ரிமீற்றர் நீரை மெதுவாக ஊற்றுக. மானியின் அளவுகுழாய் 10 மில்லிமீற்றர் காட்ட வேண்டும். நீரை அளப்பதற்கு மருந்து ஊசிக்குழாய் போதும். மானியின் சொந்தக் குழாயால் அளந்து ஊற்றினால் சோதனையே வீண். உடைந்த குழாய்க்குப் பதிலாக எட்டங்குல மானியின் குழாயை வைப்பாரும் உளர். அது பெருந்தவறு.

வெளிப்பாத்திரத்தைப் பலர் கவனிப்பதில்லை. உட்போத்தல் நிரம்பி வழியும் நீரைத் தாங்குவது அதுவே. 1992 யூன் 4ஆந் திகதி கொழும்பிற் பெய்த மழை 490 மில்லிமீற்றரைக் கடந்தது; ஐந்தங்குலப் புனலில் அது ஆறு லீற்றருக்கு மேற்பட்ட நீராகும். அடியில் ஊசித்துளை இருப்பினும் அத்தகைய நாளின் கணக்குப் போய்விடும். ஆகவே பாத்திரத்தை நீரால் நிரப்பி, உலர்ந்த சீமெந்துத் தரையில் ஓரிரவு வைத்திடுக. காலையில் தரை ஈரமாயின், மூட்டுகளைச் சுரண்டித் துப்புரவாக்கி ஈயப்பற்று வைத்தல் வேண்டும்.

தன்னியக்க மானியாயின், உள்ளே சாய்ந்தாடும் சிறு கரண்டியில் சிலந்தியும் எறும்பும் குடியிருக்கும். மென்தூரிகையால் நீக்குக, எண்ணெய் இடற்க. வெப்பமானிப் பெட்டிக்கு வெள்ளைப் பூச்சைப் புதுப்பித்தால் போதும். அழுக்கேறிய பெட்டி வெயிலை உறிஞ்சி வெப்பத்தைக் கூட்டிக் காட்டும்.

மானி வைத்த நாளில் முழங்காலளவு நின்ற முருங்கை இன்று கூரையை எட்டியிருக்கலாம். மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தூரத்தில் மானி நிற்றல் நன்று. இயலாதெனில் கிளையைத் தறித்திடுக. திருத்திய திகதியை மழைக் குறிப்பேட்டிற் சிவப்பு மையால் எழுதி வைக்கவும். அதற்கு முந்திய கணக்கையும் பிந்திய கணக்கையும் ஒப்பிடும்போது அக்குறிப்புத் தேவைப்படும்.