ஒரே மாகாணம், ஒரே ஊசி போதுமா?

ஊவா மாகாணத்தின் பசறை, லுணுகலைப் பக்கத்து லயங்களை ஒட்டிய பட்டிகளில், கறுப்பு வெள்ளைத் தோலும் லேசாக எழும்பிய திமிலுமாகப் பசுக்கள் நிற்பதைக் காணலாம். இரண்டு வம்சங்கள் அந்த உடம்பில் சேர்ந்திருக்கின்றன. திமிலில்லாத பிரீசியனும் ஜேர்சியும், ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதரோடு பழகிய மாட்டின் வழி வந்தவை. நம் நாட்டு மாடும் சகிவாலும், சிந்துவெளிப் பக்கம் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட திமில் மாட்டின் வழி. இரண்டின் காட்டு மூதாதைகள் அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்தவை. ஆனாலும் இவை கூடி ஈனும் கன்று மலடாவதில்லை.

துரைமார் காலத்தில் குளிர்ந்த மலைகளுக்கு ஐரோப்பிய மாடுகள் வந்தன. இன்று கலப்பு பெரும்பாலும் சினை ஊசி வழியாகவே நடக்கிறது.

நாட்டுப் பசுவுக்குப் பிரீசியன் ஊசி போட்டால், முதல் கன்றில் இரு வம்சமும் சரிபாதி. தாயைவிடப் பால் கூடும். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் பலமும் ஓரளவு நிற்கும். இரு வம்சம் கலப்பதால் வரும் கூடுதல் வலு, அதாவது கலப்பு வீரியம், உச்சத்தில் இருப்பது இந்தத் தலைமுறையில்தான். பால் கூடிவிட்டதே என்று அந்த நாகுக்கும் பிரீசியன் ஊசியே போட்டால், அடுத்த கன்றில் ஐரோப்பியப் பங்கு 75 விழுக்காடு, அதற்கடுத்ததில் 87.5. சரிபாதிக் கலப்புகளைத் தமக்குள் இணைத்தாலோ, சராசரி பாதியாகவே இருந்தும் கன்றுக்குக் கன்று குணம் மாறும். கலப்பு வீரியமும் பாதியாகக் குறையும்.

ஊவாவில் இந்தக் கணக்கு உயரத்தோடு சேர்ந்தது. 1,200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளைக் குளிரில் ஐரோப்பியப் பங்கு மிகுந்த பசு தாக்குப்பிடிக்கும். 700 மீற்றருக்கும் தாழ்ந்த பதுளைப் பள்ளத்தாக்கிலேயே அதற்குச் சிரமம் தொடங்கும். மகியங்கனை, மொனராகலை வெக்கையில் தீனி குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். அங்கே சகிவால் கலப்பே பொருத்தம். குளிர் இருந்தாலும் தீவனம் வேண்டும். கான் ஓரத்தில் அறுத்த புல்லை மட்டும் தின்று எந்தப் பிரீசியனும் தன் முழுப் பாலைத் தராது. வேலை முடிந்து வந்து புல்லறுக்கும் தோட்டத் தொழிலாளியிடம் இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும்.

ஊசி போட வருபவரிடம் காளையின் இனத்தையும் இலக்கத்தையும் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால், மகள் பசு பருவத்துக்கு வரும்போது தந்தைக் காளையின் ஊசியே அதற்கும் விழாமல் தடுக்கலாம். இம்முறை பிரீசியனா சகிவாலா என்பதையும் மிருக வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம்.