காந்தியடிகளைத் தேடிச் சேர்த்த தமிழர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாஸனம் ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, வைத்தியருக்கு அளந்த நெல், மருந்துகளின் பெயர்கள் யாவும் அதில் இருக்கின்றன. 900 ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்து அழியவில்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் நமக்கு ஸ்ரீ ஏ. கே. செட்டியாரின் நினைவு வருகிறது. கல்லுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் செட்டியார். ரங்கூனில் பத்திரிகை நடத்திய பின், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, அட்லாண்டிக் கடலில் கப்பலில் வரும்போது, மகாத்மாவின் வாழ்க்கையை டாக்குமெண்டரிப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை.

வேஷம் போட்டு நடிக்கும் படமாயின் ஸ்டூடியோவிலேயே முடித்துவிடலாம். இவர் வேண்டியதோ நிஜக் காந்தி. முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு காமிராக்காரர்கள் எடுத்த துண்டுப் படங்கள் பல தேசங்களில் சிதறிக் கிடந்தன. அக்காலத்துச் சுருளோ எளிதில் தீப்பற்றும். வைத்த இடத்திலேயே உளுத்தும் போகும். தென்னாப்பிரிக்காவுக்கு 1912-ல் கோகலே சென்றபோது எடுத்த படத்தையும் அவர் விடவில்லை. ஒரு லட்சம் மைல் பிரயாணத்தில் 50,000 அடிச் சுருள் சேர்ந்தது. இடையில் யுத்தம் வேறு மூண்டுவிட்டது! ஒரு தனி மனிதர் இதைச் செய்தார் என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சுமார் 12,000 அடியாகத் தொகுத்த படம் தமிழ் விளக்கவுரையோடு 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியாயிற்று. பிறகு தெலுங்கிலும் வந்தது. அந்நிய ஆட்சியில் அதைத் தொடர்ந்து காட்டுவது எளிதாயிருக்கவில்லை. 1947-ல் ஹிந்தி உரையுடன் டில்லியில் காட்டப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சுருக்கி அமைத்தார்கள். செட்டியாரோ 'குமரி மலர்' மாதப் பத்திரிகையில் ஆழ்ந்து, 1983-ல் காலமானார். தம் பிரயாண நூல்களில் 'நான்' என்பதை அவர் எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டார் என்பதைக் கட்டுரை வகுப்புகளில் நாம் எடுத்துக் காட்டுவதுண்டு.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த தமிழ்ப் படம் என்னவாயிற்று? காணாமற் போய்விட்டது. ஆராய்ச்சியாளர் ஸ்ரீ ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கிடைத்தது ஆங்கிலச் சுருக்கமே. தமிழ்ப் படத்தில் பாடியவர் ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள், நம் காஞ்சியில் பிறந்தவர். கடல் கடந்து மீண்டு வந்த பிரதியில் நமக்குக் கேட்பது ஓர் அமெரிக்கரின் குரல்.