சொல்லுக்கு 7 விழுக்காடுதானா?

நேர்முகத் தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்கு தவறாமல் சொல்லப்படுகிறது. நாம் பேசும்போது சொற்களின் பங்கு வெறும் 7 விழுக்காடு. குரலின் பங்கு 38. உடல்மொழியின் பங்கு 55. பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில், இதை வண்ணப் படமாகத் திரையிடக் கண்டிருக்கிறேன். மாணவர்கள் பயபக்தியுடன் குறித்துக்கொள்வார்கள்.

இந்த எண்கள் கற்பனையல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஆல்பர்ட் மெஹ்ரேபியனும் அவருடைய சகாக்களும் 1967-இல் வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. ஓர் ஆய்வில், 'நன்றி', 'கொடுமை' என்பன போன்ற தனிச்சொற்களை, பொருளுக்கு இசைந்த தொனியிலும் முரணான தொனியிலும் ஒலிக்கச் செய்தார்கள். மற்றதில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பல தொனிகளில் ஒலிக்கச் செய்து, கூடவே முகங்களின் புகைப்படங்களையும் காட்டினார்கள். பேசுபவர் எதிரிலிருப்பவரை விரும்புகிறாரா, வெறுக்கிறாரா என்பதை மட்டுமே பங்கேற்றோர் ஊகிக்க வேண்டியிருந்தது. முழு வாக்கியம் ஒன்றுகூட அங்கே பேசப்படவில்லை. 55 விழுக்காடு என்பதும் முகத்துக்கு உரியதே. கையசைவோ அமரும் விதமோ அளக்கப்படவில்லை.

உணர்வுகளையும் விருப்பு வெறுப்புகளையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இக்கணக்கு பொருந்தும் என்று மெஹ்ரேபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். அதை எல்லாப் பேச்சுக்கும் நீட்டுவது, சென்னைக் குடும்பமொன்றின் செலவுப் பட்டியலை வைத்து நார்வே நாட்டின் விலைவாசியை அளப்பதற்கு ஒப்பாகும்.

சொல்லின் வலிமைக்கு என் துறையிலேயே சான்று உண்டு. 2012 ஜூலை 26 அன்று, யூரோ நாணயம் தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மாரியோ திராகி லண்டனில் பேசினார். தமது அதிகார வரம்புக்குள் யூரோவைக் காக்க எதையும் செய்யத் தயார் என்றார். ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் கடன் பத்திரங்கள் மீதான வட்டி இறங்கத் தொடங்கியது. அவ்வாக்கை ஒட்டி அறிவிக்கப்பட்ட பத்திரக் கொள்முதல் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவிடப்படவில்லை. முதலீட்டாளர் பலரும் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்; செய்தியாகப் படித்தவர்களே மிகுதி.

குரலுக்குப் பங்கே இல்லை என்பதன்று. அமெரிக்க மத்திய வங்கித் தலைவரின் செய்தியாளர் சந்திப்புகளில் குரலின் தொனிகூடப் பங்குச் சந்தையை அசைப்பதாக, அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கும் சொல்லின் மேல்தான் தொனி ஏறி நிற்கிறது.

என் கவலை, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் மாணவரைப் பற்றியது. அவருக்குக் கைகுலுக்கவும், கழுத்துப்பட்டை அணியவும், புன்னகைக்கவும் பல மணிநேரம் பயிற்சி தரப்படுகிறது. விலையேற்றத்துக்கும் பணவீக்கத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், நிமிர்ந்து அமர்ந்தபடியே விழிக்கிறார். வாய்மொழித் தேர்வுகளில் குனிந்த தலை நிமிராமல், இக்கேள்விக்கு ஐந்தே வாக்கியங்களில் தெளிவாக விடை சொன்ன மாணவியர் உண்டு. அவர்களுக்கு நான் முழு மதிப்பெண் இட்டிருக்கிறேன்.