ஸ்க்ரீன் டைம் குறைஞ்சிருக்கு, ஆனா யோசிச்சது யாரு? – ஏஐ காலத்து டிஜிட்டல் மினிமலிசம்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

டிஜிட்டல் மினிமலிசம் பத்தி ஒரு எபிசோடு பண்ணுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சில வருஷம் முன்னாடி இந்தத் தலைப்புல வர்ற கேள்வி எல்லாமே "ரீல்ஸை எப்படி விடறது?" ரகம்தான். இப்போ வேற மாதிரி கேட்கிறீங்க. "ஒரு லீவ் மெயில் எழுதணும்னாக்கூட சாட்ஜிபிடி இல்லாம கையே ஓட மாட்டேங்குது. இதுவும் டிஜிட்டல் மினிமலிசம் கணக்குல வருமா?"

வரும்ங்கிறதுதான் என் பதில். ஆனா பழைய அளவுகோலை வெச்சு அளந்தா இது பிடிபடாது. ஏன்னு இன்னிக்குப் பார்க்கலாம்.

முதல்ல, டிஜிட்டல் மினிமலிசம்னா என்ன?

இந்தப் பேரைப் பிரபலமாக்கினவர் கால் நியூபோர்ட். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். 2019-ல் இதே தலைப்பில் அவருடைய புத்தகம் வெளியானது. அவர் போனைத் தூக்கிப் போடச் சொல்லல. உங்க வாழ்க்கைக்கு எது முக்கியம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அதுக்கு நிஜமாவே உதவுற கொஞ்சம் கருவிகளை மட்டும் வெச்சுக்கோங்க, மத்ததை சந்தோஷமா விட்டுடுங்க. அவ்வளவுதான்.

அதுக்கு அவர் சொன்ன வழி, 30 நாள் ஒதுக்கல். கட்டாயம் இல்லாத ஆப் எல்லாத்தையும் ஒரு மாசம் தள்ளி வைக்கணும். 31-வது நாள் ஒவ்வொண்ணையும் வாசல்ல நிறுத்தி "நீ எதுக்கு?"ன்னு கேட்கணும். பதில் இருந்தா, எப்போ, எப்படிப் பயன்படுத்தணும்னு ஒரு விதியோட உள்ளே விடணும். புத்தகத்துக்காக அவர் அழைப்பு விட்டப்போ 1,600 பேருக்கு மேல இதைச் செஞ்சு பார்த்தாங்க.

அந்தக் காலத்துப் பிரச்சினை, நேரம். முடிவே இல்லாம ஸ்க்ரோல் ஆகிற பக்கத்தை அசா ராஸ்கின் 2006-ல் வடிவமைச்சார். 2009-ல் ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது. நம்ம ஊர்ல 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்சது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை பண்ணாங்க. சில நாள்லயே ரீல்ஸ் வந்துடுச்சு, செப்டம்பரில் ஷார்ட்ஸ் சோதனையும் இந்தியாவுலதான் ஆரம்பிச்சது. எல்லாமே நம்ம நிமிஷங்களுக்குப் போட்டி போட்டது. அதனால நாமளும் நிமிஷத்தை எண்ணினோம். 2018-ல் ஆப்பிள் ஸ்க்ரீன் டைமும் கூகுள் டிஜிட்டல் வெல்பீயிங்கும் கொடுத்தது அந்த எண்ணிக்கையைத்தான்.

ஏஐ வந்ததும் என்ன மாறுச்சு?

ரெண்டு விஷயம் மாறுச்சு.

ஒண்ணு, வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்கிற வாய்ப்பே போயிடுச்சு. இன்ஸ்டாகிராம் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணி நாம டவுன்லோடு பண்ணோம். ஏஐ அப்படி வரல. ஏற்கெனவே வீட்டுக்குள்ள இருக்கிற கருவிக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. 2024 ஜூனில் நம்ம ஊர் வாட்ஸ்அப்புக்குள்ள மெட்டா ஏஐ வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் கூகுள் தேடலோட உச்சியில ஏஐ பதில் வந்து நின்னது. மெயில் திறந்தா பதில் ஏற்கெனவே தயாரா இருக்கு. நீங்க எதையும் இன்ஸ்டால் பண்ணல, ஆனா எல்லாம் உங்ககிட்ட இருக்கு.

ரெண்டாவது இன்னும் முக்கியம். ரீல்ஸ் உங்க 40 நிமிஷத்தை எடுத்துக்கும். ஏஐ, 40 நிமிஷ வேலையை ரெண்டு நிமிஷத்துல முடிச்சு மீதியை உங்ககிட்டயே கொடுக்கும். ஸ்க்ரீன் டைம் கணக்குல பார்த்தா இதுதான் கிளாஸ்ல முதல் ரேங்க்! அதனாலதான் பழைய அளவுகோல்ல இது மாட்டவே மாட்டேங்குது.

அந்த 40 நிமிஷத்துல என்ன இருந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. என்ன சொல்ல வரோம்னு தெரியாம முழிச்சது, ரெண்டு வரி எழுதி அழிச்சது, "இது நமக்கே புரியல போல"ன்னு கண்டுபிடிச்சது. பார்க்க வீண் மாதிரி இருக்கும். ஆனா கத்துக்கிறது நடக்கிற இடமே அதுதான்.

இதுக்கு ஆதாரம் இருக்கா?

டொரண்டோவில் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் சில சோதனைகள் செய்தார்கள். சிலருக்கு வார்த்தைகளைப் படிக்கக் கொடுத்தாங்க. சிலருக்குக் குறிப்பு மட்டும் கொடுத்து வார்த்தையை அவங்களையே உருவாக்க வெச்சாங்க. தானா உருவாக்கின வார்த்தைகள்தான் நல்லா நினைவுல நின்னது. உழைப்பு இருந்த இடத்துல ஞாபகம் ஒட்டுது.

அடுத்தது போலந்து. அங்கே நான்கு மையங்களில் கொலோனோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்களுக்கு, குடலில் உள்ள கட்டிகளைத் திரையில் சுட்டிக்காட்டும் ஏஐ கொடுக்கப்பட்டது. விட்டு வெச்சா பின்னாடி புற்றுநோயா மாறக்கூடிய கட்டிகள் இவை. அதுக்கப்புறம் ஏஐ இல்லாம அவங்க செஞ்ச பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தாங்க. முன்னாடி 28.4 சதவீத நோயாளிகள்கிட்ட கட்டியைக் கண்டுபிடிச்சாங்க; ஏஐ பழகின பிறகு அது 22.4 சதவீதமா இறங்கியிருந்தது. 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் இது வெளியானது. ஏஐ மட்டும்தான் காரணம்னு இந்த ஒரு ஆய்வை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இவங்க யாரும் கத்துக்குட்டிங்க இல்ல, அனுபவசாலிகள். அவங்க கண்ணுக்கே இப்படின்னா, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமான நமக்கு?

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லயே தொழிற்சாலை இயந்திரங்களை வெச்சு இதைச் சொல்லிட்டாங்க. வழக்கமான வேலையை எல்லாம் இயந்திரம் செய்யும். அது சொதப்புறப்போ மனுஷன் வந்து சரி பண்ணணும். ஆனா வழக்கமான வேலையைச் செய்யாதவனுக்கு அந்தத் திறமை எங்கிருந்து வரும்? ஏஐ கொடுத்த பதில் தப்புன்னு கண்டுபிடிக்கவும் நமக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

மூணு பெட்டி

அதனால நான் நிமிஷத்தை எண்ணுறதோட நிறுத்தாம, வேலைகளை மூணு பெட்டியாப் பிரிச்சுக்கிறேன்.

முதல் பெட்டி, முடிஞ்சா போதும் வேலை. ஃபைல்களுக்குப் பேர் மாத்துறது, டேபிளை ஒழுங்குபடுத்துறது, மீட்டிங் நேரம் குறிக்கிறது. இதுல நான் கத்துக்க ஒண்ணும் இல்ல. தாராளமா ஏஐகிட்ட கொடுத்துடுவேன்.

ரெண்டாவது பெட்டி, செஞ்சாதான் வரும் வேலை. கோடு எழுதுறது, ரிப்போர்ட், இந்த எபிசோடுக்கான குறிப்பு. இங்கே என் விதி, முதல் 20 நிமிஷம் நான் மட்டும். தப்போ சரியோ முதல் வடிவம் என்னோடது. அதுக்கப்புறம் ஏஐகிட்ட போனாலும் "திருத்தி எழுதிக் கொடு"ன்னு கேட்க மாட்டேன். "எங்கே தப்பு, ஏன் தப்புன்னு சொல்லு, திருத்தாதே"ன்னு கேட்பேன். கேட்கிற விதம் மாறினா கிடைக்கிறதும் மாறும்.

மூணாவது பெட்டி, நானே செய்ய வேண்டிய வேலை. ஃப்ரெண்டோட அப்பா தவறிட்டார்னு வெச்சுக்கோங்க. அழகான நாலு பத்தி இரங்கல் செய்தியை ஏஐ எழுதிடும். ஆனா "சாப்பிட்டியாடா? நான் காலையில வந்துடறேன்"னு நீங்க தடுமாறி டைப் பண்ற ஒரு வரிதான் அவனுக்கு வேணும். மன்னிப்பு, நன்றி, ஆறுதல் எல்லாத்துலயும் நீங்க எடுத்துக்கிட்ட சிரமம்தான் செய்தியே.

மனசு சரியில்லாதப்போ ராத்திரி சாட்பாட்கிட்ட பேசுறதையும் இங்கேயே சேர்த்துக்கலாம். அது அலுத்துக்காது, பெரும்பாலும் எதிர்த்துப் பேசாது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் தன்னுடைய ஒரு அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. காரணம், அது அளவுக்கு மீறி ஜால்ரா அடிச்சது. "நீ பண்ணது தப்புடா"ன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஒரு ஆளும் நமக்கு வேணும்.

30 நாளை எப்படிச் செய்யறது?

ஆபீஸ்ல கட்டாயம்னு சொன்னதைத் தவிர மத்த ஏஐ எல்லாத்தையும் ஒரு மாசம் தள்ளி வைங்க. போன்ல இருக்கிற சாட்பாட் ஆப்பை எடுத்துடுங்க. மெயில்ல தானா வர்ற பதில் பரிந்துரையை செட்டிங்ஸ்ல போய் அணைக்கலாம். அணைக்க முடியாத இடங்கள்ல, அந்த சாட்டை ஆர்க்கைவ் பண்ணி கண்ணுல படாம வைங்க.

ஒவ்வொரு தடவை கை அதைத் தேடும்போதும், எதுக்காகத் தேடுச்சுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. மாசக் கடைசியில அந்தப் பட்டியலை மூணு பெட்டியில போடுங்க. முதல் பெட்டி ஐட்டங்கள் உடனே திரும்ப வரலாம். ரெண்டாவது பெட்டியில இருக்கிறது விதியோட மட்டும் வரணும்.

"இதெல்லாம் வசதியானவங்களுக்குத்தானே?"

நியாயமான கேள்வி. தமிழ் மீடியத்துல படிச்சு, முதல் தலைமுறையா ஐடி வேலைக்கு வந்தவங்களுக்கு இங்கிலீஷ் மெயில்னாலே பயம். மெயிலைத் திருத்தித் தர காசு வாங்காத, கிண்டல் பண்ணாத ஒரு துணை இப்போதான் கிடைச்சிருக்கு. அதை விட்டுடுங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்?

விட வேண்டாம். ஆனா அதை ஏணியா வெச்சுக்கோங்க, லிஃப்டா வெச்சுக்காதீங்க. ஏணியில உங்க கால்தான் ஏறணும். உடைஞ்ச இங்கிலீஷ்லயே முதல் மெயிலை எழுதுங்க, தப்பைக் காட்டச் சொல்லுங்க, காரணம் கேளுங்க. ஆறு மாசத்துல மெயில் தானா வரும். இன்டர்வியூ ரூம்ல உங்க பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. அங்கே கை கொடுக்கப்போறது இப்படிப் பழகினதுதான்.

இந்த வாரம் 30 நாள் எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு வேலையை எடுத்துக்கோங்க. "இது எனக்கு வரணும்"னு நீங்க நினைக்கிற வேலையா இருக்கட்டும். அதோட முதல் வடிவத்தை ஏழு நாளும் நீங்களே செய்யுங்க. எது கஷ்டமா இருந்துச்சு, எது ஆச்சரியமா இருந்துச்சுன்னு எங்களுக்கு அனுப்புங்க. சுமாரா எழுதியிருந்தாலும் பரவாயில்ல, நீங்களே எழுதி அனுப்புங்க!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.