தென்துருவக் கப்பலில் நாயுருவிக்கு இடமில்லை

கடலூர் மாவட்டம் வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுவதை அந்தப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். சந்தைக்கு வந்த ஒரு வெள்ளாட்டை நிறுத்தி, அதன் வயிற்று மயிரையும் தொடை மயிரையும் விரலால் விலக்கிப் பாருங்கள். நாயுருவிக் காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக்காரரின் வேட்டிக் கரையில் ஒட்டுப்புல் வரிசையாகக் குத்தியிருக்கும். அவருடைய ரப்பர் செருப்பைத் திருப்பினால் இரண்டு நெருஞ்சி முள்ளாவது அகப்படும். விலை பேசி முடிந்ததும் ஆடு வேனில் ஏறி வெளியூர் போகிறது. விதைகளும் கூடவே போகின்றன. அவற்றுக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

விதைக்குக் கால் கிடையாது. ஆகவே பிறருடைய காலைக் கடன் வாங்குகிறது. நாயுருவியின் காய் முற்றியதும் அதைச் சுற்றியுள்ள செதில்கள் முள்ளைப்போல் விறைத்துக் கொள்கின்றன. உரசிச் செல்லும் தோலிலோ துணியிலோ அவை குத்தி மாட்டிக்கொள்ள, காய் தண்டிலிருந்து கழன்று வந்துவிடுகிறது. நம் ஊரில் இதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை. வேப்பூரில் முளைக்கும் நாயுருவி பெரம்பலூரிலும் ஏற்கெனவே முளைத்துத்தான் கிடக்கிறது.

ஆனால், அதே வேட்டியோடும் செருப்போடும் ஒருவர் அண்டார்க்டிகாவுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். (வேட்டி அங்கே குளிருக்கு உதவாது என்பது வேறு விஷயம்.) கரையில் கால் வைக்குமுன் அவரிடம் கேட்கப்படுவது, "உங்கள் செருப்பைக் காட்டுங்கள்" என்பதுதான்.

தென்துருவக் கண்டத்துக்கு உல்லாசப் பயணிகளைக் கப்பலில் கூட்டிச் செல்வதை ஒரு முறையான தொழிலாக ஆக்கியவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1966இல் முதல் பயணத்தை நடத்தினார். 1969இல் இதற்கென்றே ஒரு சிறு கப்பலையும் கட்டச் செய்தார். அன்று முதல் இன்று வரை முறை ஏறத்தாழ ஒன்றுதான். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கொந்தளிப்புக்குப் பேர்போன டிரேக் கடலை இரண்டு நாளில் கடந்தால் அண்டார்க்டிகத் தீபகற்பம் வந்துவிடும். அங்கே துறைமுகமோ படித்துறையோ கிடையாது. கப்பல் ஆழமான இடத்தில் நிற்க, பயணிகள் சிறு கூட்டங்களாகக் காற்றடைத்த ரப்பர் படகுகளில் கரைக்குப் போகிறார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து தண்ணீரில் இறங்கி நடந்துதான் கரையேற வேண்டும். 2023-24 கோடைப் பருவத்தில் இப்படிப் போய்வந்தவர்கள் 1,20,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் கரையில் இறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்.

நம் நாட்டவர் போனது உல்லாசத்துக்கு அன்று, ஆராய்ச்சிக்கு. 1981 டிசம்பர் 6ஆம் நாள், நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்த போலார் சர்க்கிள் என்ற கப்பல் கோவாவிலிருந்து புறப்பட்டது. டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் சென்றனர். 1982 ஜனவரி 9ஆம் நாள் கரையிறங்கிய அவர்கள், மொத்தம் 77 நாட்களில் கோவா திரும்பினர். பிறகு கட்டப்பட்ட தட்சிண கங்கோத்ரி நிலையம் பனியில் புதைந்து கைவிடப்பட்டது. 1989 முதல் மைத்ரியும் 2012 முதல் பாரதியும் இயங்கி வருகின்றன. இவ்விரண்டும் பனிக்கட்டியின் மேல் அல்லாமல் பாறைத் தரையில் கட்டப்பட்டவை. அந்தப் 'பாறைத் தரை' என்பதில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

அண்டார்க்டிகாவில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பெரும்பாலான பெங்குவின் இனங்கள் முட்டையிட அந்த நிலம்தான் வேண்டும். பாசியும் லைக்கனும் பிடித்து வளர அதுதான் வேண்டும். ஆராய்ச்சி நிலையம் கட்டவும் அதுவே ஏற்றது. உல்லாசப் பயணி இறங்கி நடக்கவும் அதுதான். கண்டம் பெரிது, ஆனால், எல்லோரும் கூடும் முற்றமோ மிகச் சிறிது. கண்டம் முழுவதற்கும் உரிய பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஒருவகைப் புல், மெத்தைபோல் தரையில் படரும் ஒரு சிறு செடி. இவையும் தீபகற்பத்திலும் அதையொட்டிய தீவுகளிலுமே வளர்கின்றன. போட்டி என்பதையே அறியாமல் வளர்ந்த இவற்றின் நடுவே ஒரு முரட்டுக் களை புகுந்தால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனை அன்று. ஐரோப்பாவில் நடைபாதை ஓரங்களில் முளைக்கும் போவா அன்னுவா என்ற சிறு புல், கிங் ஜார்ஜ் தீவிலுள்ள போலந்து நாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே 1980களின் நடுவில் காணப்பட்டது. மனிதர் நடமாடும் இடத்தில் முளைத்த அது பின்னர் மெல்ல வெளியேயும் பரவியது. அதைக் கையால் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. வேப்பூர் நாயுருவி அங்கே போனால் குளிரில் செத்துவிடும். நம் வெப்ப நாட்டுச் செடிகளால் அண்டார்க்டிகாவுக்கு அபாயம் குறைவே. குளிர் நாட்டிலிருந்தும் உயர்ந்த மலைகளிலிருந்தும் வரும் விதைதான் ஆபத்தானது. லடாக்கில் மலையேறிய பூட்ஸை உதறாமல் அப்படியே அண்டார்க்டிகாவில் மாட்டிக்கொண்டு இறங்குபவரைத்தான் அஞ்ச வேண்டும்.

யார் எத்தனை விதைகளைக் கொண்டு போகிறார்கள் என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2007-08 பருவத்தில் அண்டார்க்டிகா சென்ற நூற்றுக்கணக்கானோரின் சட்டை, பை, பூட்ஸ் ஆகியவற்றைத் தூசி உறிஞ்சும் கருவியால் உறிஞ்சி, கிடைத்ததைப் பொறுக்கிப் பிரித்தார்கள். சராசரியாக ஆளுக்கு 9.5 விதைகள்! அந்த ஒரு பருவத்தில் மட்டும் 70,000 விதைகள் போயிருக்கக்கூடும் என்று கணக்கிட்டனர். இதில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, சிந்தனையும் வருகிறது: சராசரி உல்லாசப் பயணியைவிடச் சராசரி விஞ்ஞானியே அதிக விதைகளைச் சுமந்து சென்றார். காரணம் எளிது. உல்லாசப் பயணி புது அங்கி வாங்கி அணிந்து வருகிறார். விஞ்ஞானியோ பல மலைகளில் உழைத்த பழைய பூட்ஸையும் பையையும் எடுத்து வருகிறார்.

விதை அதிகம் ஒளிந்துகொள்ளும் இடங்களில் ஒன்று எது தெரியுமா? பள்ளிப் பையைத் திறக்கும்போது 'சர்ர்' என்று பிரியுமே, அந்த வெல்க்ரோ ஒட்டுப்பட்டைதான். 1941இல் ஸ்விட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற பொறியாளர், தம் கால்சட்டையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவற்றின் கொக்கிகளைக் கண்டுதான் இந்தப் பட்டையைப் படைத்தார். விதையைப் பார்த்து மனிதன் செய்த பொருள், இன்று விதைக்கே வாகனமாகிவிட்டது! ஆகவே கப்பலில் முதல் இறங்குதலுக்கு முன் எல்லோரும் ஒரு கூடத்தில் கூடுகிறார்கள். பைகளின் மூலைகளையும் ஒட்டுப்பட்டைகளையும் கருவியால் உறிஞ்சுகிறார்கள். பூட்ஸின் அடிப் பள்ளங்களில் சிக்கிய மண்ணைக் குச்சியால் குத்தி எடுக்கிறார்கள். கோடீசுவரரும் உட்கார்ந்து தம் செருப்பு மண்ணைத் தாமே சுரண்டும் காட்சியை வேறெங்கும் காண்பது அரிது.

மண்ணுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? ஒரு சிட்டிகை மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், கிருமி நீக்காத மண்ணை அண்டார்க்டிகாவுக்குக் கொண்டு போகலாகாது என்று தடுக்கிறது. விருத்தாசலம் பீங்கான் பொம்மையை எடுத்துக் கொள்ளுங்கள். அதைச் செய்யும் களிமண்ணாக இருந்தால் அனுமதி இல்லை. சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் வெந்து பொம்மையாகிவிட்டால், அதில் எந்த உயிரும் மிஞ்சாது, தாராளமாகப் போகலாம். ஆனால், நம் வழக்கப்படி அதை வைக்கோல் வைத்துக் கட்டினால் மறுபடி வம்பு, வைக்கோலில் விதை இருக்குமே! வெள்ளை நுரைமணிகளை வைத்துக் கட்டலாமென்றால், அவையும் அதே ஒப்பந்தத்தில் தடுக்கப்பட்டவை. காற்றில் பறந்து கடலில் சேர்ந்துவிடும் என்பதால். மனிதனையும் ஒருமுறை சூளையிலிட்டு எடுக்க முடிந்தால் அதிகாரிகளின் வேலை எளிதாகிவிடும்!

முன்பு இத்தனை கட்டுப்பாடு இருக்கவில்லை. 1933இல் புறப்பட்ட அமெரிக்கரான பேர்டு, பசுக்களையே கப்பலில் ஏற்றி அண்டார்க்டிகாவுக்குக் கொண்டு போனார். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் பல ஆண்டுகள் அங்கே இருந்தன. மாட்ரிட் ஒப்பந்தப்படி, 1994 ஏப்ரலுக்குள் அவற்றையும் வெளியேற்றிவிட்டார்கள்.

கவனக்குறைவுக்கு என்ன விலை என்பதைத் தெற்கு ஜார்ஜியாத் தீவு காட்டுகிறது. சீல் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களிலிருந்து எலிகள் அங்கே இறங்கின. மரமே இல்லாத அந்தத் தீவில் பறவைகள் தரையிலும் வளையிலும் முட்டையிடுகின்றன. முட்டையும் குஞ்சும் எலிக்கு விருந்தாயின. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டர்களிலிருந்து நஞ்சு கலந்த தீனியைத் தூவி எலிகளை ஒழித்தனர். பிறகு தேடித் தேடிப் பார்த்து, 2018இல்தான் தீவில் எலி இல்லை என்று அறிவித்தனர். பொந்தில் பதுங்கி இறங்கிய ஒரு பிராணியை வெளியேற்ற இத்தனை ஹெலிகாப்டர்கள்! விதை விஷயத்தில் அதுவும் நடவாது. மண்ணுக்குள் கிடக்கும் விதையை எந்த நஞ்சுத் தீனியும் தேடிப் பிடிக்காது.

இவற்றைக் கருதியே, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் அங்கே கரையிறக்குவதில்லை. சிறிய கப்பலானாலும், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. இந்தியாவும் 2022இல் அண்டார்க்டிகச் சட்டத்தை இயற்றி, அங்கே உரியதல்லாத உயிரினங்களை அனுமதியின்றிக் கொண்டு செல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2024 மே மாதம் கொச்சியில் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் நடந்தபோது, பெருகிவரும் உல்லாசப் பயணத்துக்கு என்ன விதி வகுப்பது என்பது முக்கிய விவாதங்களில் ஒன்றாக இருந்தது.

அண்மையில் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. 2023இல் பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியாவை எட்டியது. 2024 தொடக்கத்தில் அண்டார்க்டிகக் கண்டத்திலும் உறுதியாயிற்று. அதனால் கரைக்குப் போகும்போது மட்டுமல்ல, திரும்பிக் கப்பலில் ஏறும்போதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்கிறார்கள். ஒரு தீவின் நோய் மறு தீவுக்குத் தொற்றாதிருக்க வேண்டுமே. கரையில் உட்காரக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது, பெங்குவினைப் படமெடுப்பதற்காக மண்டியிடவும் கூடாது. பூட்ஸின் அடிப்பாகத்தைத் தவிர வேறெதுவும் அந்த மண்ணில் படலாகாது.