வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் எழும் கேள்வி ஒன்றே: "அடுத்து என்ன?" பெற்றோர் பட்டம் பெற்ற வீட்டில் இதற்கு விடை முன்கூட்டியே தயாராக இருக்கும். குடும்பத்திலேயே முதன்முதலாக மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கோ அக்கம் பக்கத்தார் சொல்லும் செய்தியும், கடைத்தெருவில் கண்ட விளம்பரமும்தான் வழிகாட்டி. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இதனாலேயே வழி தவறுகிறார்கள். விண்ணப்ப நாள் கடந்துபோகிறது. அல்லது பொருந்தாத படிப்பில் சேர்ந்து, பாதியில் நின்று, கடனோடு வீடு திரும்புகிறார்கள். எனவே, அடிப்படைச் செய்திகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வழிகள் எத்தனை?

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றி, 1959-இல் கோலாலம்பூரிலும் வளாகம் கண்டது. அக்காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் அந்த ஒன்றுதான். இன்று நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் பல.

முதலாவது, ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு, மூன்று பருவங்கள். முடிவில் எஸ்.டி.பி.எம். தேர்வு. செலவு மிகக் குறைவு. வீட்டிலிருந்தபடியே போய்வரவும் இயலும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இச்சான்றிதழை ஏற்கின்றன. கடினமான தேர்வு என்ற பேச்சு உண்டு. அது உண்மையே. ஆனால், கையில் பணமில்லாத குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான பாதை வேறில்லை.

இரண்டாவது, மெட்ரிகுலேஷன். கல்வி அமைச்சின் கீழ் நடைபெறும் ஓராண்டுப் படிப்பு, சிலருக்கு ஈராண்டு. 2003-இல் பூமிபுத்ரா அல்லாத மாணவர்களுக்கு 10 விழுக்காட்டு இடங்கள் திறந்துவிடப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் இடமுண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாளைத் தவறவிட்டால் நல்ல தேர்ச்சியும் பயன்படாது.

மூன்றாவது, பாலிடெக்னிக். ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்தான் நாட்டின் முதலாவது; 1969-இல் தொடங்கப்பட்டது. இங்கு டிப்ளோமா பெற்று வேலைக்குப் போகலாம். பிறகு பட்டப்படிப்பையும் தொடரலாம். தேர்ச்சி குறைந்தவர்களுக்குச் சமூகக் கல்லூரிகள் உண்டு. அங்கே சான்றிதழ் நிலையில் தொடங்கி, படிப்படியாக மேலே ஏறலாம்.

நான்காவது, தனியார் கல்லூரி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அதற்கு முன்பு ஒரு சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

இரண்டு வகைக் 'கிரெடிட்'

எஸ்.பி.எம். தேர்வில் 'கிரெடிட்' என்றால் ஒரு பாடத்தில் சி அல்லது அதற்கு மேற்பட்ட நிலை. டி, இ நிலைகள் வெறும் தேர்ச்சி மட்டுமே. பொதுவாக டிப்ளோமாவில் சேர மூன்று பாடங்களில் கிரெடிட் வேண்டும். பட்டப்படிப்புக்கு முந்திய அடித்தளக் கல்விக்கு ஐந்து பாடங்களில் வேண்டும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையேல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும்.

கல்லூரிக்குள் நுழைந்த பிறகு அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே 'கிரெடிட்' என்பது பாடத்தின் எடை. ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் மொத்தம் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது கணக்கு. மூன்று கிரெடிட் பாடமானால் 120 மணி. வாரம் மூன்று மணி வீதம் 14 வாரம் விரிவுரைக்குப் போனாலும் 42 மணிதான் ஆகிறது. மீதி 78 மணி நேரத்தைப் படிப்பு, பயிற்சிக் கட்டுரை, குழுப்பணி ஆகியவற்றில் மாணவர் தாமே செலவிட வேண்டும். "வகுப்பு குறைவு, ஓய்வு அதிகம்" என்று முதற்பருவத்தில் மகிழ்ந்து, தேர்வு நெருங்கும்போது திண்டாடுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு தெரியாததுதான். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட். பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்.

தேர்ச்சியை 4.00 புள்ளிக்குக் கணக்கிடுகிறார்கள். ஏ பெற்றால் 4, பி பெற்றால் 3, சி பெற்றால் 2. மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ, இன்னொரு மூன்று கிரெடிட் பாடத்தில் சி, நான்கு கிரெடிட் பாடத்தில் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12, 6, 12; கூட்டினால் 30. அதை மொத்தக் கிரெடிட்டான 10-ஆல் வகுத்தால் 3.00. முதற்பருவத்தில் சரிந்துவிட்டால் பிறகு தூக்கி நிறுத்துவது சிரமம். ஆகவே ஆரம்பமே உறுதியாக இருக்கட்டும்.

தனியார் கல்லூரியில் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் இருக்கும் கட்டடத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பதிவுப் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதிநிலை முகமையின் அங்கீகாரம் பெற்றதா? அங்கீகாரம் தற்காலிகமானதா, முழுமையானதா? படிப்பு முடியும் வரை எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு? இடையில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா? கல்லூரி பெயர்பெற்றதாக இருந்தால் போதாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே அங்கீகாரம் வேண்டும். எம்.கியூ.ஏ. பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். "இன்றே பதிந்தால் கழிவு" என்று அவசரப்படுத்தும் இடத்தில், "நாளை வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வருவதே நல்லது.

கடன் என்பது கடன்தான்

1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். நிதி பல்லாயிரம் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. ஆனால் அது உபகாரச் சம்பளம் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணமும் உண்டு. தனியார் கல்லூரியில் கட்டணம் முழுவதையும் இக்கடன் ஈடுகட்டுவதில்லை. மிச்சத்துக்கு வழி என்ன என்று சேருமுன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடன் கூடவே வரும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் வெகுவாகக் குறைவு என்பதால், யு.பி.யு. வழியாக விண்ணப்பித்துப் பார்க்காமல் தனியார் கல்லூரிக்கு ஓடுவது பண நட்டம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"எனக்கு இங்கிலீஷும் தெரியாது, இணையமும் தெரியாது, நான் என்ன செய்வது?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களால் ஆவது நிறைய உண்டு. அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள். விண்ணப்பங்களின் இறுதி நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள். பெண்பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருந்தால், ஊராரின் பேச்சுக்கு அஞ்சித் தடுத்துவிடாதீர்கள். விடுதியை நீங்களே போய்ப் பார்த்துத் திருப்தி அடையுங்கள்.

மாணவமணிகளே! விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சம் வேண்டாம். அவர்களைத் தனியே சந்திக்க நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆங்கிலம் தடுமாறுகிறதா? தடுமாறியபடியே கேளுங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் அதே சந்தேகம் இருக்கக்கூடும். கையில் பணம் தீர்ந்துபோனாலும், படிப்பு பிடிபடாமல் போனாலும், யாரிடமும் சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மாணவர் நல அலுவலகத்தில் முதலில் சொல்லுங்கள். படிப்பை ஒத்திவைக்கவும் துறையை மாற்றவும் முறைப்படி வழியுண்டு.

நீங்கள் கற்றுக்கொண்ட வழியை அடுத்த ஆண்டு தேர்வெழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் நடந்து காட்ட ஆளில்லை. அவர்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.